வருசம் முழுக்க மாலை

ஏம்மா, அந்த முன் சீட்டுல கறுப்பு வேட்டி கட்டி, மாலை போட்டு உக்காந்திருக்காரே, அவரு உன் வீட்டுக்காரரா? அதான பாத்தேன். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான ஏறுனீக. பையக் கால்மாட்டுல வச்சுக்கிட்டு நல்லாச் சாஞ்சு உக்காரு. இது எல்லா ஊர்லயும் நின்னு நின்னு போற பஸ்சு, கோவில்பட்டி போய்ச் சேர நேரமாகும். பேசாம வந்தா எனக்குத் தலைவலி வந்துரும்.

ஆனி மாசத்துல ஐயப்பனுக்கு மாலையா? மாசப் பூசைக்கா? இருக்கும், இருக்கும். நான் குத்தமாக் கேக்கல. நானும் மாலை போட்ட சாமியோட குடும்பம் நடத்துனவதான். எங்க வீட்டுக்காரரப் பாக்குறியா? அந்தா, கடைசி சீட்டுக்கு முந்துன சீட்டுல, வாயப் பொளந்துக்கிட்டு, சன்னல் கம்பியில தலைய முட்டிக்கிட்டுத் தூங்குறாரு பாரு. அவருதான். பேரு அய்யாத்துரை. புருசன் பேரச் சொல்றாளேன்னு பாக்காத. இப்பல்லாம் நான் எல்லாத்தையும் சொல்றவ. நான் சொன்னதாலதான் அந்த மனுசன் அங்க குறட்டை விட்டுக்கிட்டு இருக்காரு. சொல்லாம இருந்திருந்தா எங்க மாமனார் பக்கத்துல போட்டோவா மாட்டியிருப்போம்.

எங்க ஊர்ல என்னைய என்ன சொல்றாக தெரியுமா? வெக்கங்கெட்டவ. புருசன் மானத்த ஆஸ்பத்திரியில கொண்டு போயி ஏலம் போட்டவ. என் நாத்தனா இருக்காளே, அவ என்கூடப் பேசியே ஒம்பது மாசமாச்சு. பேச வேண்டாம். அவ பேசலேன்னு எங்க வீட்டுல சோறு பொங்காம இருக்கா? அவ அண்ணன் உசுரோட இருக்காருல்ல, அதுக்கு யாரு காரணம்னு அவளையே கேளு.

மொதல்ல இருந்து சொல்றேன். எங்களுக்குப் பந்தல் தொழில். கல்யாணம், சடங்கு, எழவு, எதுன்னாலும் எங்க பந்தல்தான். ஆள் வச்சு வேலை வாங்கினாலும் உச்சியில ஏறி முடிச்சுப் போடுறது இவருதான். வேற யாரு கட்டுனாலும் இவருக்கு மனசு ஆறாது. கால்ல கம்பைக் கவ்விக்கிட்டு ரெண்டு கையையும் விட்டுட்டுக் கட்டுவாரு. அதப் பாத்துத்தான் எங்கய்யா இவருக்கு என்னையக் குடுத்தாரு.

மூணு வருசத்துக்கு முந்தி, ஒரு ஐப்பசியில ஆரம்பிச்சுது. என்னத்தச் சுத்தி வளைக்க? நீயும் கல்யாணம் ஆனவதான். அந்த விசயம் அவருக்கு முடியல. அலுப்பா இருக்குன்னாரு. முகூர்த்த மாசம், நாலு பந்தல் ஒண்ணா ஓடுது, அலுப்பு இருக்காதா, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன். அடுத்த வாரமும் அப்படி. அதுக்கடுத்த வாரமும் அப்படி. அப்புறம் ஒருநாள் அவரு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. பாவமா இருந்துச்சு. சிரிக்க வைக்கலாம்னு, "இனிமே உங்களுக்குப் பொண்டாட்டி எதுக்கு, காவி கட்டிக்கிட்டுக் கோயில் கோயிலாப் போக வேண்டியதுதான்"னு சொன்னேன். சும்மா வெளாட்டுக்கு. அவரு சிரிக்கல. அவருக்கு அப்பவே சிரிப்பு கம்மி.

அது கெடக்கட்டும், விசயத்துக்கு வாரேன். கார்த்திகை ஒண்ணாந்தேதி காலையில குளிச்சு முடிச்சு, கறுப்பு வேட்டியோட வந்து நிக்கிறாரு. தங்கப்பழம் குருசாமி கையால மாலை போட்டாச்சு. எங்க அத்தைக்குச் சந்தோசம்னா சந்தோசம், அப்படி ஒரு சந்தோசம். ஏன்னா எங்க மாமனாரு பெரிய ஐயப்ப பக்தரு. நான் வாக்கப்பட்டு வாரதுக்கு முன்னாலயே போயிட்டாரு. அம்பது வயசுகூட ஆகலையாம். மாலையோட, பசனையில சரணம் சொல்லிக்கிட்டே சாஞ்சவருதானாம். கொடுத்து வச்ச சாவு, சாமியே வந்து கூட்டிட்டுப் போயிட்டாருன்னு ஊரே பேசுமாம். கூடத்துல அந்தப் போட்டோதான் பெருசு. கறுப்பு வேட்டி, மாலை, நெத்தி நெறைய சந்தனம். பையனும் அப்பா வழியில வந்துட்டான்னு அத்தை தெருவெல்லாம் சொல்லிட்டு வந்தாக.

எனக்கும் பெருமைதான். இல்லைன்னு சொல்லல. பூசைக்குப் போனா "சாமி வீட்டம்மாவுக்கு முதல்ல குடுங்க"ன்னு பிரசாதம் என் கையிலதான் தருவாக. இவரு கூடத்துல அப்பா போட்டோவுக்குக் கீழ பாய் விரிச்சுப் படுப்பாரு. மாலை போட்டா எல்லாரையும் சாமின்னுதான கூப்பிடணும், என்னையும் சாமின்னாரு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து "ஏ கனி, ஏ கனி"ன்னு கூப்பிட்ட மனுசன். என் பேரு சண்முகக்கனி. "சாமி, தண்ணி குடுங்க. சாமி, சோப்பு எங்க இருக்கு?" எனக்குச் சிரிப்பா வரும்.

மலைக்குப் போயிட்டு வந்தாரு, மாலையக் கழட்டுனாரு. அன்னைக்கு நான் மல்லிகைப்பூ வாங்கி வச்சிருந்தேன். சும்மாதான் வாங்குனேன், அன்னைக்கு வெலை கொறைச்சல். எனக்கு அந்த விசயமெல்லாம் ஒண்ணும் பெருசில்ல, பாத்துக்கோ. ஆனா தலைக்கு வச்ச பூ வாடுறதுக்குள்ள மனுசன் பச்சை வேட்டியோட நிக்கிறாரு. கேட்டா, தைப்பூசத்துக்குத் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரையாம். சரின்னேன். அது முடிஞ்சதும் மாசப் பூசைக்குன்னு மறுபடி கறுப்பு. வைகாசி விசாகத்துக்குப் பச்சை. ஆடிக்கு இருக்கங்குடி அம்மன், மஞ்சள் வேட்டி. புரட்டாசியில குலசை தசராவுக்குச் செவப்பு. அப்புறம் பாத்தா திரும்பக் கார்த்திகை. எங்க வீட்டுக் கொடியப் பாத்தா ஏதோ கட்சி மாநாடு மாதிரி இருக்கும். வருசம் முழுக்க மாலை, வருசம் முழுக்க விரதம். நடுவுல ரெண்டு நாளு மூணு நாளு கெடைச்சா, அந்த நேரம் பாத்து வெளியூர்ல பந்தல் வேலை.

நான் சாமியக் குறை சொல்றேன்னு நினைக்காத. முருகன் மேல எனக்கில்லாத பக்தியா? ஆனா ஒளிஞ்சுக்கிறதுக்கு எடம் தேடிப் போறவனுக்கும், கும்பிடப் போறவனுக்கும் வித்தியாசம் தெரியாதா பொண்டாட்டிக்கு? வேற எவளாவது இருக்காளோன்னுகூடப் பாத்தேன். செருப்பு வாசல்ல, ஆளு கோயில்ல, போனு மேசை மேல. எவளும் இல்ல.

அப்புறம்தான் ஒருநாள் விபூதி டப்பா தேடப் போயி, அவரு பூசைப் பையில ஒரு பாட்டில கண்டேன். லேகியம். கறுப்பா, களிமாதிரி, மூடியத் தொறந்தா நெய்யும் சுக்கும் மணக்குது. மாசத்துல ஒருநாள் மதுரையில லாட்ஜுல ரூம் போட்டு உக்காந்து பாக்குறானுகளே, சுவரு பூரா நோட்டீசு ஒட்டி, அப்படி ஒரு வைத்தியன்கிட்ட வாங்கினது. பாட்டிலோட போயி நின்னு கேட்டேன். இவரு கண்ண மூடிக்கிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டு, "சாமி, மாலை போட்டிருக்கேன். அதப் பத்திப் பேசாதீங்க சாமி"ங்கிறாரு. அந்த நேரம் வந்த கோவத்துக்கு நான் பாட்டில வீசி எறியாம இருந்தது பெரிய விசயம். அந்த லாட்ஜுக்காரன்கிட்டச் சொல்ல வாய் வந்திருக்கு, கட்டுன பொண்டாட்டிகிட்ட வரல.

நல்ல டாக்டர்கிட்ட போவோம்னேன். "எனக்கென்ன காய்ச்சலா, வயித்தாலையா? நல்லா வேலை செய்றேன், நல்லாத் திங்கிறேன்"னாரு. வயசானா எல்லாருக்கும் இப்படித்தானாம். நாப்பத்தெட்டு வயசு ஒரு வயசா? எங்க பெரியப்பா அறுபதுல புள்ள பெத்தவரு.

போன புரட்டாசி. இவரு செவப்பு வேட்டி, குலசை மாலை. ஒரு கோயில் விசேசத்துக்குப் பந்தல். நான் சாப்பாடு கொண்டு போயிருக்கேன். மேல ஏறுனவரு பாதியில நின்னுட்டாரு. கம்பக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. வேர்வைன்னா வேர்வை, சொட்டுது. தாடை வலிக்குதுங்கிறாரு. எறக்கி உக்கார வச்சா, "வெறும் வயிறு, வாயு"ங்கிறாரு. விரதச் சாப்பாடுதான, வாயுவாத்தான் இருக்கும்னு கூட இருந்தவுகளும் சொல்றாக. எங்க ஊரு கிளினிக்குல காட்டுனோம். கேஸ் மாத்திரை குடுத்தாக. எனக்கு மனசு ஒப்பல. மறுநாளு இழுக்காத குறையாத் திருநெல்வேலிக்குக் கூட்டியாந்துட்டேன். அத்தையும் கூடவே ஏறிட்டாக.

பெரியாஸ்பத்திரியில ஒரு பொம்பளை டாக்டரு. சின்ன வயசுதான். ஈசிஜி எடுத்துப் பாத்துட்டு, இதுல பெருசா ஒண்ணும் தெரியல, வேற என்ன செய்யுதுன்னு கேக்குறாக. இவரு, "ஒண்ணும் இல்ல சாமி"ங்கிறாரு. அந்த டாக்டரையும் சாமின்னுட்டாரு. அவுக மாத்திரை எழுதப் போறாக. வரிசையில பின்னால அத்தனை பேரு நிக்கிறாக. எனக்கு உள்ளுக்குள்ள என்னமோ தோணுச்சு. இப்ப விட்டா இந்த ஆளு நாளைக்கு ஊருக்குப் போயி இன்னொரு மாலையப் போட்டுக்கிருவாரு.

சொல்லிட்டேன். "டாக்டரம்மா, இவருக்கு ரெண்டு வருசமா பொண்டாட்டிகூடச் சேர முடியல. விறைக்க மாட்டேங்குது. அத மறைக்கத்தான் வருசம் முழுக்க மாலை போட்டுக்கிட்டுத் திரியுறாரு. லாட்ஜுல லேகியம் வாங்கித் திங்குறாரு." அம்புட்டையும் ஒரே மூச்சுல சொன்னேன். சத்தமாத்தான் சொன்னேன், எனக்கு மெதுவாப் பேச வராது. பின்னால நின்ன வரிசை பூரா எட்டிப் பாக்குது. இவரு தலையக் குனிஞ்சவரு நிமிரவே இல்ல.

அந்தப் புள்ள எழுதுறத நிறுத்திட்டு நிமிந்து பாத்துச்சு. சிரிக்கல. மூஞ்சியச் சுளிக்கல. வரிசையில நின்னவுகள வெளிய இருக்கச் சொல்லிக் கதவச் சாத்துச்சு. அப்புறம் இவருகிட்டயே கேட்டுச்சு, எப்ப இருந்து, காலையில எந்திரிக்கும்போதும் அப்படித்தானா, பீடி குடிப்பீங்களா, நடந்தா கால் வலிக்குதா, அப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு. அப்புறம் சொல்லுச்சு. "ஒருநாள் ரெண்டுநாள் அலுப்புல முடியாமப் போறது எல்லாருக்கும் நடக்கும்யா. மாசக்கணக்கா அப்படியே இருந்தா டாக்டர்கிட்ட வந்துரணும். சில பேருக்கு மனக்கவலை. சில பேருக்கு சுகர், பிரஷர். அங்க போற ரத்தக்குழாய் சின்னது, அதனால அடைப்பு முதல்ல அங்க தெரியும். நெஞ்சுல தெரியுறதுக்கு ரெண்டு மூணு வருசம் முன்னாலயே தெரியலாம். உங்க உடம்பு அப்பவே சொல்லியிருக்கு." நான் பையில கொண்டு போயிருந்த லேகியத்த மோந்து பாத்துட்டு, இதுல என்ன மாத்திரையப் பொடிச்சுப் போட்டிருக்கானோ, நெஞ்சுவலி மாத்திரையோட சேந்தா ஆளையே சாய்ச்சிரும்னு குப்பையில போடச் சொல்லிருச்சு.

ரத்தம் எடுத்தாக. சுகர் எக்கச்சக்கம். அவருக்கு சுகர் இருக்குறதே அன்னைக்குத்தான் தெரியும். மறுபடி மறுபடி ஈசிஜி எடுத்தாக, வேற டெஸ்ட் எடுத்தாக. நெஞ்சுக்குப் போற குழாயில அடைப்பு இருக்கும்போலத் தெரியுது, நாளைக்கே குழாய் விட்டுப் பாத்துரணும்னுட்டாக.

அங்கதான் வந்துச்சு வெனை. உள்ள கூட்டிட்டுப் போகும்போது கழுத்துல எதுவும் இருக்கக் கூடாதாம். நர்சு மாலையக் கழட்டுங்கன்னா, இவரு மாலையக் கையால பொத்திக்கிட்டாரு. விரதம் முடியாமக் கழட்டக் கூடாது, தெய்வக் குத்தம்ங்கிறாரு. நான் தங்கப்பழம் குருசாமிக்குப் போன் போட்டேன். அந்த மனுசன் ஒரு வார்த்தை குத்தமாச் சொல்லல. "உசுரவிடவா மாலை பெருசு? பெத்த தாய் அங்கதான இருக்காக, அவுக கையால கழட்டிப் படத்துல மாட்டச் சொல்லு. சாமி கோவிக்காது"ன்னாரு.

அத்தை மாட்டேன்னுட்டாக. "என் மகன் சாமிக்குப் போட்ட மாலை. பாதியில கழட்டி அவனுக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா யாரு பதில் சொல்றது? அவுக அப்பா கடைசி வரைக்கும் கழட்டல, புண்ணியவான் மாலையோடயே போனாரு"ன்னு சுவத்தப் பிடிச்சுக்கிட்டு அழுகுறாக. நர்சு நேரமாச்சுங்கிறா. இவரு கட்டில்ல படுத்து மேல பாத்துக்கிட்டு இருக்காரு. நெஞ்சுல கைய வச்சு வச்சு எடுக்குறாரு.

டாக்டர்கிட்டச் சொன்னத அத்தை கேக்கல, அவுக வெளிய இருந்தாக. நான் அவுகளத் தனியாக் கூட்டிட்டுப் போயிக் காதுல சொன்னேன். இது பக்தி இல்ல அத்தை, இன்ன காரணம், இன்ன நாள்ல இருந்து, என்கிட்ட இருந்து ஒளியத்தான் இந்த மாலைன்னு.

எல்லாத்தையும் கேட்டாக. என்னைய அடிக்கப் போறாகன்னுதான் நினைச்சேன். அடிக்கல. அழுகைய நிறுத்திட்டாக. அப்புறம், "ஏட்டி, அவரும் இப்படித்தான்டி"ன்னாக. எவரு அத்தைன்னேன். "உன் மாமாதான். கடைசி ரெண்டு வருசம். மாத்தி மாத்தி மாலை. நான் அவருக்கு ஆகாதவளாப் போயிட்டேன்னு நினைச்சேன்டி. இம்புட்டு நாளும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

அதச் சொல்லும்போது அவுக மூஞ்சியப் பாக்கணுமே. எழுபது வயசுக் கெழவி, புருசன் செத்து அத்தனை வருசமாச்சு, அன்னைக்குத்தான் அவருக்காக அழுதாப்புல இருந்துச்சு. விறுவிறுன்னு போனாக. மகன் கைய விலக்கி விட்டுட்டு, மாலையத் தலை வழியா எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டு, மடியில கட்டிக்கிட்டாக. "போயி உள்ள படு. உங்கப்பன் மாதிரிப் போட்டோவுக்குப் போகணும்னு அலையாத"ன்னாக. அம்புட்டுதான்.

ரெண்டு குழாயில அடைப்பு. ஒண்ணு இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா மூடியே போயிருக்குமாம். ஸ்டென்ட் வச்சாக. கண்ணு முழிச்சு என்னையப் பாத்தாரு. "ஏ கனி, தண்ணி குடு"ன்னாரு. நான் அங்கயே உக்காந்துட்டேன். தண்ணியக் குடுத்தது நர்சுதான்.

ஆனா அதுக்கப்புறம் ஒண்ணு சொன்னாரு பாரு, எனக்கு இன்னும் ஆத்தாமையா இருக்கு. அந்த டாக்டரம்மா, ஏன்யா இத்தனை நாளா வரலைன்னு கேக்குது. இவரு என்னையக் கை காட்டி, "இவ காவி கட்டச் சொன்னா, அதான் கட்டிக்கிட்டேன்"ங்கிறாரு. நானா? நான் எங்க சொன்னேன்? நான் அப்படிப்பட்ட வார்த்தை சொல்றவளா, நீயே சொல்லு. சொல்லியிருந்தாலும் வெளாட்டுக்குத்தான் சொல்லியிருப்பேன். மூணு வருசத்துக்கு முந்தி சொன்ன ஒரு வார்த்தைய நெஞ்சுக்குள்ளயே வச்சுக்கிட்டு இருந்தா, நெஞ்சு அடைக்காம என்ன செய்யும்?

இப்ப மாசாமாசம் வந்து பாத்துட்டு மாத்திரை வாங்கிட்டுப் போறோம். பீடிய விட்டாச்சு. காலையில நடை. அந்த விசயத்துக்கும் தனியா டாக்டர் இருக்காரு, அங்கயும் கூட்டிட்டுப் போனேன். நெஞ்சு டாக்டரும் அந்த டாக்டரும் கலந்து பேசித்தான் மருந்து குடுத்தாக. சரியாச்சான்னு கேக்கணும்னு உனக்கு நாக்கு நுனியில நிக்குது. அத மட்டும் சொல்ல மாட்டேன். ரெண்டு நாளைக்கு ஒருக்கா பூ வாங்குறேன், அத வேணும்னா சொல்றேன். வர்ற கார்த்திகைக்கு ஒரே ஒரு மாலை, அதுவும் டாக்டர்கிட்டக் கேட்டுட்டு. கும்பிடுறதுக்காகப் போடுற மாலை.

ஊரு பேசுது, பேசட்டும். எங்க தெருவுல ரெண்டு பொம்பளைக ராத்திரியில கொல்லை வாசல் வழியா வந்து, "அக்கா, எந்த டாக்டரு"ன்னு கேட்டுட்டுப் போனாளுக. பகல்ல அவளுகளும் என்னைய வெக்கங்கெட்டவன்னுதான் சொல்றாளுக.

நீ என்ன முன் சீட்டையே பாத்துக்கிட்டு வார? கயத்தாறு தாண்டியாச்சு. உன் வீட்டுக்காரரு பஸ்சுல ஏறும்போது ரெண்டாவது படியில நின்னு மூச்சு வாங்குனாரே, அத நான் பாத்தேன். ஏம்மா, இது அவருக்கு எத்தனாவது மாலை? உன் பேரச் சொல்லி அவரு கூப்பிட்டு எம்புட்டு நாளாச்சு?

சரி, சரி, அழாத. முந்தானையால தொடச்சுக்கோ. இதுல அழுகுறதுக்கு என்ன இருக்கு? உன்மேல ஆசை இல்லாமப் போகல, புத்தி கெட்டவளே, அவருக்கு உடம்பு சரியில்ல. திங்கக்கெழமை காலையில பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வா, நான் வாசல்ல நிக்கிறேன். என்னது, நீ சொன்னா அவரு வர மாட்டாரா? நீ சொல்ல வேண்டாம், நான் சொல்றேன். கையப் பிடிச்சு இழுக்காத, கைய விடுன்றேன்ல.

ஏ சாமி! முன் சீட்டுச் சாமி! கொஞ்சம் இங்க எந்திரிச்சு வாங்க. உங்ககிட்ட ஒரு விசயம் பேசணும்.